வாங்கோழி வீடு

மெதுவா, மெதுவா சார். அந்தக் கட்டில்ல மட்டும் ஒக்காந்துறாதீக, அதுக்கு ஒரு காலு நொண்டி. ஊரு பூராத்துக்கும் எலும்பு கட்டுறாக, கட்டிலுக்குக் கட்ட ஆளில்ல. இங்குட்டு வாங்க, எனக்குப் பக்கத்துல. கடிக்க மாட்டேன். எந்திரிச்சு வந்து கடிக்கவும் ஏலாது, காலப் பாருங்க. மூங்கிப் பட்டைய வச்சு, துணி சுத்தி, முட்டைய ஊத்தி, கருவாட்டுப் பொட்டணம் மாதிரிக் கட்டி வச்சிருக்காக. ஒம்போது நாளா பூனை சுத்திச் சுத்தி வருது.

ஒங்களுக்குக் கையா? பஸ்ஸுல ஓடி ஏறுனீகளா? சரித்தான். பேண்ட்டு போட்டவுகளுக்கும் பஸ்ஸு நிக்க மாட்டேங்குது, கைலி கட்டுனவனுக்கும் நிக்க மாட்டேங்குது. அந்த வகையில கவுருமெண்டு நேர்மதான்.

சார், மணி என்ன? பத்தரையா? அப்ப இன்னும் அறுத்திருக்க மாட்டாக. பதினோரு மணிக்குத்தான் பூச. இந்தா இந்தப் போனு தலமாட்டுல கெடக்கு பாருங்க, அடிச்சா எடுத்துக் குடுங்க. எனக்கு எட்டாது. ஒங்களுக்கு ஒரு கை இல்ல, எனக்கு ஒரு காலு இல்ல, ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுனா ஒரு முழு ஆளு தேறும்.

எனக்கு எப்புடி ஒடஞ்சுச்சுன்னு கேக்கல பாருங்க, அதான் பெரிய மனுசன். ஆனா நான் சொல்லாம விட மாட்டேன். மரத்துலருந்து விழுந்தேன். என்ன மரம்? வாகை மரம். வாகையில பறிக்க என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. வாங்கோழி அடிக்க ஏறுனேன். வில்லும் அம்பும் வச்சு. சிரிங்க சிரிங்க, கை குலுங்காமச் சிரிங்க.

மரம் என்னைய விழுகாட்டல சார். மரம் நல்ல மரம். என்னைய விழுகாட்டுனது எம் பொண்டாட்டி, எம் மச்சான், அதுக்குமேல ஒரு ஊரு.

எங்க ஊரு ஏனாதியேந்தல். கமுதிக்குக் கெழக்க. அங்க கதவுல நம்பரு அடிச்சிருக்கும், அது கவுருமெண்டுக்கு. மனுசருக்குப் பட்டப்பேருதான். ஒருத்தரோட பாட்டன் பந்தியில ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டுப்புட்டாரு. செத்து முப்பது வருசமாச்சு. பேரன் துபாய்ல கெடக்கான், மாடி கட்டிட்டான், ஏசி வச்சுட்டான். அந்த வீட்டுக்குப் பேரு இன்னமும் பாயாச வீடு. ஒரு பொண்ணு மணவறையில கொட்டாவி விட்டுச்சு, அது கொட்டாவி வீடு. அந்த வீட்டுல பொறந்த பிள்ளையெல்லாம் ராத்திரி பகலா முழிச்சுப் படிச்சு நர்சாப் போச்சு, டீச்சராப் போச்சு. கொட்டாவி வீட்டு நர்சு, கொட்டாவி வீட்டு டீச்சரு. ஒட்டுனா ஒட்டுனதுதான். தார் மாதிரி. மண்ணெண்ண ஊத்தினாலும் போகாது.

எங்க வீடு என்ன வீடு தெரியுமா? ஓட்டு வீடு. அம்புட்டுத்தான். எங்கய்யா ஊர்ல மொதல்ல ஓடு போட்டாரு. எம்புட்டுக் கௌரவம் பாருங்க! எனக்கு ஒரே மக, தவமணி. கமுதியில ஜவுளிக்கடையில நிக்கிறா. பரமக்குடிப் பக்கமிருந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காக. அவுக ஊருக்குள்ள வந்து விசாரிப்பாகல்ல? "ஓட்டு வீடு எங்குட்டு?"ன்னு கேட்டா எப்புடி இருக்கும்? "வாங்கோழி வீடு எங்குட்டு?"ன்னு கேட்டா எப்புடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ல மாட்டீக, நானே சொல்றேன், நாறிப் போகும்.

அந்தச் சனியன் எப்புடி வந்துச்சுன்னா, மதுரப் பக்கத்து ஆளு ஒருத்தரு கம்மாய்க்கு மேக்க வலை கட்டி வாங்கோழிப் பண்ணை போட்டாரு. ஒரு வருசம் ஓடல, சீக்கு வந்துருச்சு. கதவத் தெறந்து விட்டுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. நரி பாதியத் தின்னுச்சு, நாங்க பாதியத் தின்னோம். நரிக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம், நாங்க மசாலா அரச்சோம். மிஞ்சுன ஏழெட்டு கருவக்காட்டுக்குள்ள போயி, மரத்துல அடஞ்சு, காட்டுப் பறவையாவே ஆகிப்போச்சு. அதுல ஒரு சேவலு. பெருசு. எங்க மச்சான் ஒசரம் இருக்கும், மச்சான் ஒக்காந்திருந்தா. கோவம் வந்தா அது மூஞ்சி செவக்கும், அப்பறம் ஊதாவாகும், அப்பறம் வெளுக்கும். மனுசங்கூட ஒரு கலரோட நிறுத்திக்கிருவான்.

நான் கரிமூட்டம் போடுறவன் சார். கருவ வெட்டி, அடுக்கி, மண்ணப் போட்டு மூடி, பொகைய விடுற ஆளு. போன மாசி மாசம், விடியக்காலம், கருவக்காட்டுல ஒதுங்குனேன். ஒதுங்குறதுன்னா தெரியுமுல்ல? தெரியும். கைலிய அவுத்துப் பக்கத்துக் கொப்புல போட்டுட்டுக் குத்தவச்சிருக்கேன். நிம்மதியா ஒரு பீடியும் பத்தவச்சாச்சு. பின்னாடி "கொளக்கு கொளக்கு கொளக்கு"ன்னு ஒரு சத்தம். திரும்புறேன், எறக்கைய விரிச்சுக்கிட்டு, மூஞ்சி ஊதாவா, தேரு மாதிரி வருது சார்! கொத்துச்சு பாருங்க ஒரு கொத்து. எங்கன்னு கேக்காதீக.

ஓடுனேன். எங்குட்டு ஓடுறோம்னு யோசிச்சா ஓடுனேன்? கம்மாக்கரையில ஏறிட்டேன். அங்க நூறு நாள் வேலைக்கு ஊரே வந்து, மம்பட்டியும் கூடையுமா வரிசையில நிக்கிது, பேரு வாசிக்கிறாக. நான் ஓடி வாரேன், பின்னாடி அது ஓடி வருது. எம் மேல சட்ட இருந்துச்சு சார், இல்லேன்னு சொல்லல. சட்டயில பை இருந்துச்சு. பையில தீப்பெட்டி இருந்துச்சு. இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல.

அன்னையிலருந்து ஊர்ல எவனும் எங்கிட்டத் தமிழ்ல பேசல. எல்லாம் கொளக்கு கொளக்குத்தான். டீக்கடைக்குள்ள நொழஞ்சா கொளக்கு. கோயில்ல கும்புட்டா பின்னாடி நிக்கிறவன் கொளக்கு. பால்வாடிப் பிள்ளைக எல்லாம் "வாங்கோழி மாமா போறாரு"ங்குதுக. மாமான்னு மருவாதியாத்தான் சொல்லுதுக, அதையும் ஒத்துக்கிறணும்.

ஒரு மாசம் பொறுத்தேன். அப்பறம் டீக்கடையில எந்திரிச்சு நின்னேன். "எல்லாரும் கேட்டுக்கங்கடா. வர்ற வைகாசி ஒண்ணுக்குள்ள அந்தச் சேவல நான் அடிக்கிறேன். வில்லால அடிக்கிறேன்"னேன்.

எம் மச்சான் கோட்டச்சாமி, எம் பொண்டாட்டியோட அண்ணன், கிளாஸக் கீழ வச்சாரு. "வில்லு எதுக்கு மாப்ள? ஒரு வலையப் போட்டா முடிஞ்சது"ன்னாரு.

"வலையில புடிச்சா வலை வீடும்பீக. கம்பால அடிச்சா கம்பு வீடும்பீக. வில்லால அடிச்சா என்னம்பீக? வில்லு வீடு! வில்லு வீட்டுத் தவமணி! எப்புடி இருக்கு?"ன்னேன்.

நல்லாருக்குன்னு அவனுகளுக்கே தெரிஞ்சுபோச்சு. "சரி, அடிச்சா வில்லு வீடு. அடிக்காட்டி சாகுற வரைக்கும், செத்த பெறகும் வாங்கோழி வீடு"ன்னு முடிவாச்சு. நான் ஒரு கண்டிசன் போட்டேன், "அது வரைக்கும் அத எவனும் தொடப்படாது. கல்லு விடப்படாது, நாய ஏவப்படாது. அது என்னோடது." எல்லாரும் வாக்குக் குடுத்தாக சார். மச்சான் எங் கையில அடிச்சுக் குடுத்தாரு. இந்தக் கையில. கை நல்லாத்தான் இருக்கு, வாக்குத்தான் ஒடஞ்சுபோச்சு.

வில்லு நானே செஞ்சேன். மூங்கிய நெருப்புல வாட்டி வளச்சேன், நெருப்பு வேலதான் நமக்குத் தெரியுமே. நாணுக்கு நைலான் கயிறு. அம்புக்குக் கொடக்கம்பி. ஊர்ல ஒரு கொடைய விடல, பூராத்தையும் பிரிச்சுட்டேன். எங்க ஊர்ல மழை எங்க பேயிது, எவனும் தேடல. வைக்கப்படப்புல அடிச்சுப் பழகுனேன். பத்துக்கு எட்டு படும். படப்பு ஓடாதுல்ல.

தரையில ஒக்காந்து அத அடிக்க முடியாது. அதுக்குக் கண்ணு ஊசி. நம்ம இமைய அசைச்சா அது கம்மாயத் தாண்டிப் போயிரும். ஆனா அண்ணாந்து பாக்காது, பாத்துக்கங்க. பெரிய மனுசருக மாதிரி. அதனால மரத்துல பரண் கட்டணும். பரணுக்குப் பலகை தேடுனேன், கெடைக்கல. வீட்டுல கயித்துக் கட்டிலு கெடந்துச்சு. எம் பொண்டாட்டி அப்பன் வீட்டுச் சீரு. தூக்கிட்டுப் போயி வாகை மரத்துல, ரெண்டாள் ஒசரத்துக்கு மேல, கவட்டையில வச்சுக் கட்டிட்டேன்.

கட்டிலத் தூக்குறப்ப இருளாயி வாசல்ல நின்னா. இருளாயிதான் எம் பொண்டாட்டி. "நான் எங்க படுக்க?"ன்னா. "பாயி கெடக்குல்ல"ன்னேன். "நீங்க எங்க படுப்பீக?"ன்னா. "விடியிறதுக்கு முன்னாடி ஏறுனாத்தான் அது எறங்கயில அடிக்கலாம், இனி அங்கதான்"னேன். பேசாம உள்ள போயிட்டா. அப்ப சம்மதம்னுதான நம்ம எடுத்துக்கிறணும்?

மறுநாளு மட்டும் கஞ்சி ஊத்தயில ஒரு வார்த்த சொன்னா, "எங்கப்பா பனையிலருந்து விழுந்துதான் போச்சு." நான் என்ன சொன்னேன்? "அது பனை, இது வாகை"ன்னேன். கஞ்சிச் சட்டியக் கழுவப் போயிட்டா. ஞாயம் சொன்னா எதுத்து நிக்க முடியாதுல்ல?

திட்டம் என்னன்னா, நான் மேல. மச்சான் கீழ, பொதருக்குப் பின்னாடி ஒக்காந்து "கொளக்கு கொளக்கு"ன்னு கத்தணும். இன்னொரு சேவல் வந்துருச்சேன்னு அதுக்கு ரோசம் வரும். சண்டைக்கு வரும். மரத்தடிக்கு வந்தா நான் விடுவேன். மச்சானுக்கு அந்தச் சத்தம் அசலா வரும். பொறவியே அப்புடி.

நாப்பது விடியக்காலம் சார். நாப்பது! ஒரு மண்டலம் மலைக்கு மாலை போட்டிருந்தாக்கூடப் புண்ணியம். மச்சான் கத்துவாரு. தூரத்துல அது பதிலு சொல்லும். கிட்ட வரும். இன்னும் கிட்ட வரும். நான் நாண இழுத்துக் காதுல ஒட்டிக்கிட்டு மூச்ச நிறுத்துவேன். அப்பறம் சத்தம் அப்புடியே அங்குட்டுத் திரும்பிரும். கம்மாப் பக்கமாப் போயிரும். தெனமும் இதே கதைதான்.

எம் மேலதான் குத்தம்னு நெனச்சேன். பீடி வாசத்துக்குப் போகுதோன்னு பீடிய விட்டேன். தலைக்கு எண்ண வைக்கிறத விட்டேன். இருமல் வந்தா துண்டக் கடிச்சுக்கிட்டேன். மச்சான் மடியில எப்பவும் நொய்யரிசி வச்சிருப்பாரு. "என்ன மச்சான் இது?"ன்னு கேட்டேன். "எறும்புக்குப் போடுறேன் மாப்ள, புண்ணியம்"ன்னாரு. நம்புனேன். படிச்சவுக நீங்க சொல்லுங்க, எறும்புக்கு எதுக்கு மடி நெறைய நொய்யி?

இன்னொண்ணும் நடந்துச்சு. பங்குனி பாதியிலருந்து ஊர்ல கொளக்கு நின்னுபோச்சு. டீக்கடைக்குப் போனா எல்லாரும் பேச்ச மாத்துறாக. எந்திரிச்சு எடம் குடுக்குறாக. ஒரு கெழவரு, "பாத்து ஏறி எறங்குப்பா"ன்னாரு, கண்ணுல தண்ணியோட. நான் என்ன நெனச்சேன்? வில்ல எடுத்தவுடனே மருவாதி வந்துருச்சு, இப்பவே பாதி வில்லு வீடு ஆயாச்சுன்னு நெனச்சேன். பொம்பளைக அந்தச் சேவலக் கண்டா ஒதுங்கி நின்னு கன்னத்துல போட்டுக்குதுக. பயந்துக்கிட்டுப் போடுதுகன்னு நெனச்சேன். எனக்கு மூளை இல்லேன்னு சொல்லாதீக. மூளை இருக்கு, அது மரத்துல இருந்துச்சு.

நாப்பத்தொண்ணாவது நாளு. மச்சான் வரல. கொழுந்தியா மகளுக்குக் காதுகுத்துன்னு மொத நாளே போயிட்டாரு. "நீ ஏறாத மாப்ள, நான் வந்த பெறகு ஏறலாம்"னு பத்து தரம் சொன்னாரு. நான் ஏறுனேன். கத்த ஆளில்ல. சும்மா ஒக்காந்திருந்தேன். கெழக்க வெளுக்குது. பாத்தா, அது தானா வருது சார்! ஒரு கொளக்கு இல்ல, ஒரு சத்தம் இல்ல, மாமியா வீட்டுக்கு வர்றவன் மாதிரி நடந்து வருது. மரத்துக்கு நேர் கீழ வந்து நின்னு தோகைய விரிச்சுச்சு. நான் இழுத்தேன். இழுத்துக் காதோட ஒட்டிட்டேன். விட வேண்டியதுதான். அப்பத்தான் பாக்குறேன், கால்ல மஞ்சத் துணி. மஞ்சத் துணியில முடிச்சு.

எனக்கு வெளங்கல. எவன்டா என் கோழிக்குக் காப்புக் கட்டுனதுன்னு ஒரு நிமிசம் தெகச்சுட்டேன். பொதருக்குள்ளருந்து ஒரு கொரலு, "ஏங்க, விட்றாதீக! விட்றாதீக! அது சாமிக்கு நேந்தது!" இருளாயி ஓடி வாரா, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு. நான் என்னடான்னு குனிஞ்சேன். குனிஞ்ச பக்கம் கட்டிலும் குனிஞ்சுச்சு. அம்பு வானத்துக்குப் போச்சு, நான் பூமிக்கு வந்தேன், கட்டிலு எம் மேல வந்துச்சு.

எலும்பு ஒடஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு சார். காஞ்ச கருவைய மிதிச்ச மாதிரி. "ஆத்தா"ன்னு கத்துறேன். ஓடி வந்த எம் பொண்டாட்டி மொதல்ல யாரத் தூக்குனா தெரியுமா? கோழிய! கோழியத் தூக்கி, எறக்கைய விரிச்சுப் பாத்து, காலப் பாத்து, நெஞ்சத் தடவிப் பாத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அடி படல, முனியய்யா, அடி படல"ன்னு அழுகுறா. இருவத்திமூணு வருசம் குடும்பம் நடத்துன புருசன் கட்டிலுக்கு அடியில கெடக்கேன். அவ கோழிக்கு வைத்தியம் பாக்குறா. கோழியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டேதான் எங்கிட்ட வந்தா. அதையும் எறக்கி விடல.

அந்நேரத்துல அவ எதுக்கு அங்க வந்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கேட்டா வெறகு பொறுக்க வந்தேங்குறா. கையில ஒரு சுள்ளி இல்ல. மச்சான் பொதருக்கு எதுத்தாப்புல, இன்னொரு பொதருக்குப் பின்னாடி அவ ஒக்காந்திருந்த எடம் தேஞ்சு, சாணி போட்டு மெழுகுன மாதிரிப் பளபளன்னு கெடக்காம், தூக்க வந்தவுக சொன்னாக. நாப்பது நாளும் என்ன வெறகுதான் பொறுக்குனாளோ.

ஷேர் ஆட்டோவுல போட்டு இங்க தூக்கியாந்தாக. தகவல் தெரிஞ்சு மச்சான் பாதி வழியில ஏறிக்கிட்டாரு. அப்பத்தான் கக்குனாரு. நான் கட்டிலக் கட்டி மூணாம் நாளே இருளாயி எல்ல முனி கோயிலுக்குப் போயிருக்கா, இவரையும் கூட்டிக்கிட்டு. அந்தச் சேவல இவருதான் வலை போட்டுப் புடிச்சிருக்காரு. எங் கையில அடிச்சு வாக்குக் குடுத்த அதே கையால! எம் புருசன் உசுரோட மரத்துலருந்து எறங்கணும், எறங்கிட்டா இத ஒனக்கே அறுத்துப் பொங்க வைக்கிறேன்னு வேண்டி, மஞ்சத் துணியில காணிக்கை முடிஞ்சு கால்ல கட்டி விட்டிருக்கா. நேந்து விட்ட கோழிய அம்பால அடிச்சா, யாருக்காக நேந்தாகளோ அந்த ஆளுக்கே ஆகாதாம். அதனால இவரு தெனமும் நொய்யப் போட்டுப் போட்டு அத அங்குட்டு இழுத்திருக்காரு. வாயில அத எங்கிட்டக் கூப்புட்டுக்கிட்டு, கையில அங்குட்டு இழுத்துக்கிட்டு. ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"சொல்லியிருக்கலாமே மச்சான்"னேன். "சொன்னா நீ எறங்கியிருப்பியா மாப்ள? இன்னும் ஒரு கொப்பு மேல ஏறியிருப்ப"ன்னாரு. என்னையப் பத்தி எம்புட்டுக் கேவலமா நெனச்சிருக்காரு பாருங்க.

அதுகூடப் பரவால்ல சார். அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. கோயில்ல பூசாரி கேட்டிருக்காரு, "யாரு பேருக்குத்தா நேருற?"

எம் பொண்டாட்டி எம் பேரச் சொல்ல மாட்டா. கல்யாணமான நாள்லருந்து ஒருநாளு அவ வாயில எம் பேரு வந்ததில்ல. ரேசன் கடையில கேட்டாலும் பக்கத்துல நிக்கிறவளத்தான் சொல்லச் சொல்லுவா. அம்புட்டு மருவாதி. ஊர்ல எத்தன பேருக்கு அந்தக் குடுப்பினை இருக்கு, சொல்லுங்க!

"அவுக பேருக்குத்தான்"னுருக்கா. "எவுக பேருக்கு? முனிக்கு என்ன தெரியும், ஊர்ல நூறு அவுக இருக்காக"ன்னுருக்காரு பூசாரி. மச்சான் வாயத் தெறந்திருக்காரு. "நீ சொல்லப்படாது, நேருறவ வாயால வரணும்"னு அவர அடக்கிட்டாராம். இவ பூசாரி காதுகிட்டப் போயிருக்கா. அப்பறம் மெதுவா, "வாங்கோழின்னு சொல்லுவாகல்ல... அவுக பேருக்கு"ன்னுருக்கா. பூசாரி மணிய அடிச்சு, வேலக் குத்தி, "முனியய்யா, வாங்கோழி பேருக்கு இந்த வாங்கோழி"ன்னு முடிச்சுட்டாரு. முடிஞ்சது. நான் எதுக்காக மரம் ஏறுனேனோ, அத எம் பொண்டாட்டி கோயில்ல வச்சுப் பதிஞ்சுட்டு வந்துட்டா.

இப்ப நான் எறங்கிட்டேனாம். எப்புடி எறங்கணும்னு அவ சொல்லல, சாமியும் கேட்டுக்கல. உசுரோட எறங்கிட்டேன்ல? வேண்டுதல் பலிச்சுருச்சு. இன்னைக்கு அறுப்பு. ஊரே கோயில்ல கெடக்கு. அந்தக் கறிய அங்கயே திங்கணும், எல்லையத் தாண்டி ஒரு துண்டு வெளிய வரப்படாது. எம் பேருக்கு அறுக்குற கோழி, எனக்கு ஒரு எலும்பு கெடையாது. எலும்பு ஒடஞ்சவனுக்கு எலும்பு சூப்பாவது...

சார், போனு! எடுங்க, எடுங்க. அந்தப் பச்சைய அமுக்குங்க. காதுல வைக்காதீக, நடுவுல வைங்க, நீங்களும் கேளுங்க. சாட்சி வேணும்.

"மாப்ள, நாந்தான். கொட்டு கேக்குதா?"

"கேக்குது மச்சான். பூசாரிகிட்டச் சொல்லு. அறுக்குறப்ப எம் பேரச் சொல்லச் சொல்லு. சோணமுத்து. ஒரு தடவ சொன்னாப் போதும். எல்லாஞ் சரியாப் போயிரும்."

"கேட்டுட்டேன் மாப்ள. நேந்தப்ப எந்தப் பேரோ அறுக்கயிலயும் அந்தப் பேருதானாம். அதுவும் அவதான் சொல்லணுமாம்."

"அவகிட்டக் குடு. குடுங்குறேன்ல!... ஏத்தா இருளாயி. நாந்தான். அழுகாத. எதுக்கு அழுகுற இப்ப? இந்தா பாரு, ஒன்னய இத்தன வருசத்துல ஒண்ணு கேட்டிருக்கேனா? ஒரே ஒருக்கா. எம் பேரச் சொல்லு. சோணமுத்து. கஷ்டமான பேரா இது? பிள்ளைக்குக் கல்யாணம் வருதுல்ல? ஒன் மகளுக்காகச் சொல்லு."

"மாட்டேங்க."

"ஏன்டி?"

"புருசன் பேரச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு கொறையும்னு சொல்லுவாக. எங்காத்தா சண்டையில ஒருநாளு எங்கப்பா பேரச் சொல்லி வஞ்சுச்சு. அந்த வாரந்தான் பனையிலருந்து..."

"அது பனைடி!"

"இருந்துட்டுப் போகட்டும். வாங்கோழியா இருந்தா இருங்க. இருந்தாப் போதும்."

"இருளாயி! ஏய்! இருளாயி!"

கேக்குதா சார்? பூசாரி கொரலு அது. யாரு பேருக்குத்தாங்குறாரு. ...கேட்டீகளா? கேட்டீகளா அவ சொன்னத? என்னா கொரலு! கம்மா ஒடஞ்ச மாதிரி. வீட்டுல ஒரு வார்த்த ஒரக்கப் பேச மாட்டா சார், இன்னைக்கு அந்தப் பேரச் சொல்றதுக்கு அம்புட்டுக் கொரலு. ஊரு பூரா திருப்பிச் சொல்லுது பாருங்க. கொலவ போடுறாளுக. நல்லாப் போடுங்கடி.

அது கத்துச்சு. கேட்டீகளா? பாதிக் கொளக்கு. அம்புட்டுத்தான், முடிஞ்சது.

திரும்ப அவதான் பேசுறா. என்ன? காலு வலிக்குதாவா? கஞ்சி குடிச்சேனாவா? சாயந்தரம் பஸ்ஸுக்கு வந்துருவாளா? வா, வராம எங்க போவ. அந்தச் செவப்ப அமுக்குங்க சார். அமுக்குங்க, போதும்.

ஒம்போது நாளா தெனமும் ரெண்டு பஸ்ஸு மாறி வாரா. இங்க சேக்கயில பேரச் சொல்லி எழுத வச்சு, கைநாட்டு வச்சு, எல்லாம் அவதான். வலியில எனக்கு என்ன நெனவு? வாரா, காலுக்கு விசிறுறா, தலையச் சீவி விடுறா, போறா. சூடு போட்டவளே எண்ணையும் தடவுனா எரியாம இருக்குமா? நான் பேசுறதில்ல. ஊட்டி விட்டா மட்டும் வாயத் தெறப்பேன். பசிக்குதுல்ல.

இந்தா, நோட்டு வச்சிருக்கிற அம்மா வாசல்ல நிக்கிறாக. இன்னைக்குத்தான் எனக்கு மொதக் கட்டுப் பிரிக்கிறாக. இதுல எலும்பு சரியா ஒக்காந்திருக்குன்னு தெரிஞ்சா வீட்டுக்கு, இல்லேன்னா இன்னும் ஒரு மாசம். பேரு வாசிக்கிறாக, இருங்க.

...என்னம்மா? யாரு? அப்புடி இங்க யாரும் இல்லம்மா. நல்லாப் பாருங்க, சோணமுத்துன்னு இருக்கும். ஏனாதியேந்தல் சோணமுத்து. இல்லையா? ஊரு அதான். வயசு நாப்பத்தாறு, அதான். வலது காலு, அதான். பேரு மட்டும் வேறயா? கைநாட்டு வச்ச அம்மா சொன்னதத்தான் எழுதியிருக்கீகளா?

இப்ப வரலேன்னா அடுத்து புதங்கெழமைதானா? சிரிக்காதீகம்மா. அங்க எல்லாரும் என்ன சிரிப்பு? இந்தா, இங்கதாம்மா. ஆமா, நாந்தான். வாங்கோழிதான். தூக்க ரெண்டு ஆளு அனுப்புங்க.